கைக்கடிகாரமும் காலத்தின் கணக்கும்

காலத்தின் மீது ஆணையிட்டுத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று திருமறையிலே உண்டு. மூன்றே வசனங்கள் கொண்ட அந்தச் சிறிய அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதாத முஸ்லிம் இல்லையென்றே கூறலாம். ஐவேளைத் தொழுகை நேரத்தோடு பிணைக்கப்பட்டது. நோன்பின் தொடக்கமும் முடிவும் நேரத்தோடு பிணைக்கப்பட்டவை. ஆகவே காலத்தை அளக்கும் கருவிகளின் மீது முஸ்லிம்களுக்கு என்றுமே தனி நாட்டம் இருந்து வந்திருப்பதில் வியப்பில்லை. விந்தையான நீர்க்கடிகாரங்களைச் செய்யும் முறைகளை அல்-ஜஸரீ என்னும் பொறிவல்லுநர் 1206-ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி வைத்தார். டமாஸ்கஸ் நகரின் உமையாப் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்லும் பொறுப்பில் இருந்த இப்னு ஷாதிர், 1371-ஆம் ஆண்டில் அதன் மினாராவுக்கென அரியதொரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார்.

எனவே புதிய கடிகாரம் ஒன்று வந்திருக்கிறது என்றதும் முகம் சுளிப்பது நமது மரபன்று. அதே வேளையில், ஆராயாமல் பணத்தை எடுத்து நீட்டுவதும் நமது மரபன்று.

இன்று ‘ஸ்மார்ட் வாட்ச்’ என்னும் பெயரில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயிலிருந்து எண்பதாயிரத்தையும் தாண்டிய விலை வரை கைக்கடிகாரங்கள் விற்பனைக்கு வருகின்றன. ஆண்டுதோறும் புதிய மாதிரி வெளியாகிறது. வெளிநாட்டில் உழைக்கும் மகன் ஊரிலிருக்கும் தந்தைக்கு ஒன்று அனுப்ப எண்ணுகிறான். கல்லூரி மாணவன் தனக்கு ஒன்று வேண்டுமென்கிறான். ‘வாங்கலாமா, வேண்டாமா?’ என்று தயங்கி நிற்கும் நேயர்கள் சிந்திப்பதற்காகச் சில உண்மைகளை இங்கே வரிசைப்படுத்துவோம்.

விற்கப்படுவது எது?

கொடுக்கல் வாங்கலைப் பற்றி எழுதிய நம் சட்ட அறிஞர்கள் முதலாவதாக வற்புறுத்துவது, விற்கப்படும் பொருள் இன்னதென்று இருதரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே. பழைய கடிகாரத்தில் இதற்குச் சிக்கல் ஏதும் இருந்ததில்லை. சாவி கொடுத்தால் ஓடும். பழுதானால் கடைத்தெருவிலுள்ள கடிகாரக்காரர் சீர்செய்து தருவார். செய்தவர் கடையை மூடிவிட்டாலும் கடிகாரம் நின்றுவிடாது. புதிய கடிகாரம் அவ்வாறானதன்று. அதன் உயிரில் பாதி உங்கள் மணிக்கட்டிலும், மறு பாதி எங்கோ ஒரு நாட்டில் நிறுவனத்தார் இயக்கும் கணினிகளிலும் இருக்கிறது.

இதற்குப் ‘பெபிள்’ கடிகாரத்தின் வரலாறு நல்ல சான்றாகும். 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனைத் தயாரிக்கப்போவதாக ‘கிக்ஸ்டார்ட்டர்’ தளத்தில் அறிவித்து, ஒரு லட்சம் டாலர் வேண்டுமென்றார்கள். 68,929 பேர் முன்வந்து ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தருவதாகச் சொன்ன கடிகாரம் 2013 ஜனவரியில்தான் அனுப்பப்படத் தொடங்கியது. பொருள் நல்ல பொருள்தான். ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் உழைத்தது. ஆனால் 2016 டிசம்பரில் அந்நிறுவனத்தின் சொத்துகள் ‘ஃபிட்பிட்’ நிறுவனத்தின் கைக்கு மாறின, தயாரிப்பு நின்றது. 2018 ஜூன் மாத இறுதியில் அக்கடிகாரங்களுக்குத் துணைநின்ற கணினிச் சேவைகளும் நிறுத்தப்பட்டன. அதன்மீது அன்பு கொண்ட தன்னார்வலர்கள் சிலர் மாற்றுச் சேவையை அமைத்திராவிட்டால் அவற்றின் பயன்களிற் பல அன்றே அற்றுப்போயிருக்கும். ஃபிட்பிட்டையும் 2021-இல் கூகிள் நிறுவனம் வாங்கிவிட்டது. பெபிளின் மென்பொருளை 2025 ஜனவரியில் அந்நிறுவனம் யாவருக்கும் பொதுவாக்கிய பின்னரே அதற்கு மறுவாழ்வு பிறந்தது.

முன்பணம் கொடுத்துப் பின்னர் பொருளைப் பெறும் ‘ஸலம்’ என்னும் வணிகத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. ஆயின் பொருளின் தன்மை, அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவை ஐயமின்றி முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்திருக்கிறது. ஏன் இத்துணைக் கட்டுப்பாடு என்று வியப்பவர்கள் மேற்கண்ட நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும். வெளியாகும் முன்னரே பணம் கட்டுவோர், தாம் வாங்குவது பொருளையா, வாக்குறுதியையா என்பதைத் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும்.

பொன் கடிகாரத்தின் ஆயுள்

2015 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் தனது முதற் கைக்கடிகாரத்தை வெளியிட்டபோது, 18 காரட் பொன்னாலான வகையொன்றையும் விற்றது. அதன் விலை 10,000 டாலர் முதல் 17,000 டாலர் வரை. அதே வேளையில் வெளிவந்த எளிய அலுமினிய வகையின் விலை 349 டாலரில் தொடங்கியது. இரண்டின் உள்ளே ஓடிய கருவியோ ஒன்றுதான். 2018-இல் வந்த புதிய இயக்க மென்பொருள் முதற் கடிகாரங்கள் எதற்கும் கிடைக்கவில்லை. பொன்னுக்கும் இல்லை, அலுமினியத்திற்கும் இல்லை. மூன்றரை ஆண்டுகளில் பொன் மட்டும் பொன்னாக இருந்தது, கடிகாரம் பழையதாகிவிட்டது.

ஆடவர் பொன் அணிதல் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அந்த விலக்கை ஒருபுறம் வைத்தாலும், இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாட்டனார் கட்டிய கடிகாரத்தைப் பேரன் கட்டுவது போன்று இதனைக் கட்ட முடியாது. இதற்குள் இருக்கும் லித்தியம் மின்கலம் தேயும் பொருள். நாள்தோறும் மின்னேற்ற வேண்டிய கடிகாரம் மூன்றாண்டில் ஆயிரம் முறைக்கு மேல் மின்னேற்றப்பட்டிருக்கும். அதன் பின் அதன் ஆற்றல் குறைவது இயல்பே. எனவே விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய்க் கடிகாரம் நான்காண்டு உழைக்குமாயின் ஆண்டுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. அந்தத் தொகைக்கு ஈடான பயன் உங்களுக்கு உண்டா? உண்டெனில் அது செலவு. இல்லையெனில் அது விரயம். செலவுக்கும் விரயத்துக்கும் இடையிலுள்ள எல்லை பணத்தின் அளவில் இல்லை, பயனில்தான் இருக்கிறது.

நாடி பார்க்கும் ஒளி

இக்கடிகாரங்களின் அடிப்புறத்தில் பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையது. இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் இரத்தம் மிகுந்து, உறிஞ்சப்படும் ஒளியும் மிகும். அடுத்த துடிப்பு வரும்வரை குறையும். திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு நாடித் துடிப்பு கணக்கிடப்படுகிறது. 2018 முதல் சில வகைகள், விரலை வைத்து 30 விநாடி காத்திருந்தால் இ.சி.ஜி. படமும் எடுக்கின்றன. தடுமாறி விழுந்தவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவற்றுக் கிடந்தால், கைபேசித் தொடர்பு இருக்குமாயின், உதவிக்கு அழைப்பு விடுக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. தனித்து வாழும் முதியோருக்கு இது அருமையான துணை என்பதில் ஐயமில்லை.

எனினும் அளவறிந்து நம்ப வேண்டும். ஆப்பிள் கடிகாரத்தைக் கொண்டு 4,19,297 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2019-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயிற்று. நாடி ஒழுங்கற்றிருப்பதாக எச்சரிக்கை பெற்றோர் 2,161 பேர். அதாவது நூற்றுக்கு அரைப் பேர். அவர்களுள் மார்பில் ஒட்டும் கருவியை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரைச் சோதித்ததில் நூற்றுக்கு 34 பேருக்கு இதயத் துடிப்புக் கோளாறு காணப்பட்டது. அது வந்து வந்து மறையும் கோளாறு ஆதலால் மற்றோர் அனைவருக்கும் நோயில்லை என்றும் கூறிவிட முடியாது. இதனால் நாம் அறிவது யாது? கடிகாரம் கதவைத் தட்டும். நோயைத் தீர்மானிப்பவர் மருத்துவரே. மாரடைப்பை இக்கடிகாரம் கண்டறியாது என்று அதனைச் செய்தவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள். நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவன் அறிவாளி அல்லன்.

சர்க்கரை நோயாளியும் நோன்பும்

உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி குத்தாமலே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மலிவான கடிகாரங்கள் சந்தையில் உலவுகின்றன. அவ்வாறு தானாகவே சர்க்கரையை அளக்கும் கடிகாரம் எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. தோலுக்கடியில் மெல்லிய இழையைச் செலுத்தி அளக்கும் மருத்துவக் கருவியின் அளவைக் கடிகாரத்தின் முகப்பில் காட்டுவது வேறு. கடிகாரமே அளப்பதாகச் சொல்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

ரமழான் மாதத்தில் நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளி ஒருவர் இத்தகைய கடிகாரம் காட்டும் பொய்யான எண்ணை நம்பினால் என்னவாகும்? சர்க்கரை அபாயகரமாக இறங்கியிருக்கும்போதும் நலமாக இருப்பதாகக் கருதி நோன்பைத் தொடர்வார். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ வல்லுநர்களின் அறிவுரை. விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது. உயிருக்கு அபாயம் நேரும்போது நோன்பை விட்டு, பின்னர் இயலும்போது நோற்பதற்கு மார்க்கம் இடமளித்திருக்கிறது. தந்தைக்குக் கடிகாரம் அனுப்ப எண்ணும் மகனே! சர்க்கரை பார்ப்பதற்காக என்றால், அந்தப் பணத்தில் நல்ல குளுக்கோமீட்டர் ஒன்றையும் அதற்குரிய சோதனைப் பட்டைகளையும் வாங்கி அனுப்புவீராக. அதுவே உண்மையான பணிவிடை.

தொழுகை நேரம் யாருடைய கணக்கு?

தொழுகை நேரத்தை அறிவிக்கும் வசதிக்காகவே இக்கடிகாரத்தை விரும்புவோர் பலர். நல்ல எண்ணமே. ஆனால் கடிகாரம் தானாக வைகறையைக் கண்டு சொல்வதில்லை. கொடுத்த கணக்கைத் திருப்பிச் சொல்கிறது. தொடுவானத்துக்குக் கீழே சூரியன் எத்தனை பாகையில் இருக்கும்போது சுபுஹு நேரம் தொடங்குகிறது என்பதில் பல முறைகள் வழங்குகின்றன. கராச்சி முறையில் 18 பாகை. சவூதியின் உம்முல் குரா முறையில் 18.5, வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் முறையில் 15. நமது பகுதியில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 4 நிமிடம் வேறுபடும். உங்கள் பள்ளிவாசல் 18 பாகையைக் கொண்டு பாங்கு சொல்ல, கடிகாரம் 15 பாகையில் அமைந்திருந்தால், ஸஹர் உணவை 12 நிமிடம் தாண்டியும் உண்டுகொண்டிருப்பீர்கள். அவ்வாறே பொருளின் நிழல் ஒரு மடங்கானதும் அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இரு மடங்கானதும் என்பது ஹனஃபி மத்ஹபு. தமிழ் முஸ்லிம்களில் இருசாராரும் உள்ளனர். வாங்கிய அன்றே கடிகாரத்தின் கணக்கை உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையோடு ஒத்துப் பார்த்துச் சரிசெய்து கொள்ளுங்கள்.

ஒளுச் செய்யும்போது, இறுக்கமான மோதிரத்தை அசைத்து அடியில் நீர் சேரச் செய்வது போலவே, கடிகாரப் பட்டையின் அடியிலும் நீர் சேர வேண்டும். நீர் புகாத கடிகாரமானாலும் கழற்றிவிடுவதே எளிது. தொழுகைக்கு நிற்கும்போது அதன் ஓசையையும் அதிர்வையும் நிறுத்திவிடுங்கள். தொழுகைக்கு அழைத்த கருவியே தொழுகையைக் கலைக்கலாமா?

மணிக்கட்டில் ஓர் அமானிதம்

நீங்கள் எங்கே நடந்தீர்கள், எப்போது உறங்கினீர்கள், உங்கள் இதயம் எவ்வாறு துடித்தது என்பனவெல்லாம் இக்கருவியில் பதிவாகின்றன. ‘ஸ்ட்ராவா’ என்னும் நிறுவனம், தன் உறுப்பினர்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடமாக வெளியிட்டது. அதில் இராணுவ முகாம்களின் இருப்பிடங்களே வெளிப்பட்டுவிட்டதை 2018 ஜனவரியில் உலகம் கண்டது. வீரர்கள் உடற்பயிற்சிக்காகக் கட்டிய கருவியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. வீட்டின் அந்தரங்கம் அமானிதம். யாரிடம் அதை ஒப்படைக்கிறோம் என்பதை அறிந்தே ஒப்படைக்க வேண்டும்.

முடிவு எடுப்பது எவ்வாறு?

வாங்குமுன் சில கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லாத எந்தப் பயனை இது தரும்? அந்தப் பயனை வாரத்தில் எத்தனை நாள் பெறுவேன்? என்னிடமுள்ள கைபேசியோடு இது இணையுமா? எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருளும் பழுதுபார்ப்பும் கிடைக்கும்? புதிய மாதிரி வந்ததும் விலை குறையும் சென்ற ஆண்டின் மாதிரி எனக்குப் போதாதா? அவசரமில்லையெனில் சில மாதங்கள் பொறுத்திருந்து, வாங்கியவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு முடிவு செய்யலாம். கலந்தாலோசிப்பதும் சுன்னத்தே.

பணத்தின் வழியையும் பாருங்கள். விலை முதலிலேயே ஒன்றென முடிவாகி, தாமதத்துக்காகத் தொகை கூடாத தவணை வணிகத்தைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். வட்டிக்குக் கடன்பட்டு வாங்குவதோ விலக்கப்பட்டது. நேரத்தைக் காட்டும் கருவிக்காக மாதந்தோறும் வட்டி கட்டி நிம்மதியை இழப்பானேன்?

இதயநோய் உள்ள தாய்க்கு, தனித்திருக்கும் தந்தைக்கு, ஆய்ந்து தேர்ந்த ஒன்றை வாங்கித் தருவோர் தாராளமாகத் தரட்டும், அது நற்செயல். அண்டை வீட்டார் கட்டியிருக்கிறார் என்பதற்காக வாங்க எண்ணுவோர் மட்டும் சற்று நிற்கட்டும். எந்தக் கடிகாரமும் நமக்குக் கொடுக்கப்பட்ட காலத்தில் ஒரு விநாடியையும் கூட்டித் தரப்போவதில்லை. செலவிட்ட காலத்துக்கும் செலவிட்ட பொருளுக்கும் ஒருநாள் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். அந்தக் கணக்கு எளிதாகும்படி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.