மொஃபாட் இல்லம், குருமன்

கட்டப்பட்டது: 1826

ஸ்காட்லாந்தில் தோட்டக்காரராக வேலை பார்த்த ராபர்ட் மொஃபாட்டும் இங்கிலாந்தில் பிறந்த மேரியும் 1819 டிசம்பரில் கேப் டவுனில் மணம் முடித்து, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர்களாக மாட்டுவண்டியில் வடக்கே வந்தனர். இந்தக் கல்வீடு எழும்புமுன் மண் தரையில்தான் குடித்தனம். தரைக்குச் சாணம் மெழுகுவதை முதலில் அருவருத்த மேரி, புழுதி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி சாகிறது என்று கண்டபின் வாரந்தோறும் மெழுகினார்; அதை ஊருக்குக் கடிதத்திலும் எழுதினார். நம் பாட்டிமாருக்கு இது புதிதல்ல. ராபர்ட்டின் தோட்ட வேலையும் இங்கே கைகொடுத்தது: ஊற்றுநீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பழமரங்கள் வளர்த்தார்.

ட்ஸ்வானா மொழியைக் கற்று அவர் செய்த வேதாகம மொழிபெயர்ப்பு 1857இல் நிறைவுற்றது. தம்பதியர் 1870இல் இங்கிலாந்து திரும்பினர்.