ஒரே கணினியில் இரண்டு பைதான்

பைதான் 2.7க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. “இன்னுமா அதை வச்சிருக்கீங்க?” என்று கேட்பவர்களிடம் நான் ஒரே ஒரு சொல்லை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்: நாஞ்சில்.

இதை ஒரு கோப்பில் யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, படித்து, நீளம் கேளுங்கள். பைதான் 2.7 சாதாரணமாக 24 என்று சொல்லும். குறியாக்கத்தைக் குறிப்பிட்டுத் திறந்தால் பைதான் 3 சொல்வது 8. நாம எண்ணினா நா, ஞ், சி, ல் என்று நாலே எழுத்துதான். பழையது பைட்டுகளை எண்ணுகிறது. துணைக்கால், புள்ளி உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புதியது அந்தக் குறிகளை எண்ணுகிறது. நம்ம கணக்கு நாலு வேணும்னா ஓப்பன்-தமிழ் மாதிரி ஒரு நூலகம் வேண்டும்.

வகுத்தலும் அப்படித்தான். 7ஐ 2ஆல் வகுத்தால் 2.7இல் 3, பைதான் 3இல் 3.5. அச்சிடும் கட்டளை மாறியதால் நிரல் நின்றுபோனால் நல்லது, உடனே தெரிந்துவிடும். இந்த இரண்டும் சத்தமில்லாமல் விடையை மாற்றும். நாஞ்சில்நாட்டு முதலியார் ஓலைகளின் சொற்களை எண்ண நான் எழுதிய நிரல்கள் 2.7 காலத்தவை. என் குறிப்பில் உள்ள ஒரு எண் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அதே பதிப்பில் ஓட்டிக் காட்டணும். பிறகுதான் புதியதோடு ஒப்பிட முடியும்.

சரி, எப்படி வைப்பது? ஒரே வீட்டுல ரெண்டு அடுக்களை மாதிரிதான். வெவ்வேறு கோப்புறையில் நிறுவினால் சண்டை வராது. சண்டை ‘பைதான்’ என்ற பெயருக்கு மட்டும்தான். பாத் பட்டியலில் முதலில் இருப்பதே ஓடும். விண்டோஸில் 3.3 முதல் ‘பை’ என்றொரு லாஞ்சர் சேர்ந்து வருகிறது. அதன் பின்னால் இடைவெளி விட்டு ஹைபனும் 2.7 என்றும் அடித்தால் பழையது ஓடும். 3 என்றால் புதியது. பிப்பையும் இதே வழியாகக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் நூலகம் எந்த அடுக்களைக்குப் போச்சுன்னு தேடணும்.

உபுண்டுவில் கூடவே வரும் பைதானை மட்டும் அழித்துவிடாதீர்கள். இயங்குதளத்தின் கருவிகளே அதை நம்பித்தான் ஓடுகின்றன. மூலநிரலிலிருந்து இன்னொரு பதிப்பை நிறுவும்போது ‘இன்ஸ்டால்’ என்பதற்குப் பதில் ‘ஆல்ட்இன்ஸ்டால்’ கொடுத்தால், அது பொதுப் பெயரைப் பிடிக்காமல் எண்ணோடு சேர்ந்த பெயரில் ஒதுங்கி இருக்கும்.

அதற்கு மேல் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெய்நிகர் சூழல். அது முழுப் பைதான் அல்ல, நிறுவிய பதிப்பின்மேல் சாய்ந்து நிற்பது. அடிப்பதிப்பை நீக்கினால் சூழலும் விழும்.

பழைய 2.7ஐ இணையத்தோடு பேசும் எந்த வேலைக்கும் நான் விடுவதில்லை. 2020 ஏப்ரலில் வந்த 2.7.18தான் கடைசி, அதற்குப் பிறகு பைதான் குழுவிடமிருந்து பாதுகாப்புத் திருத்தம் கிடையாது.