நார்மனை நாம் ஏன் நம்பினோம்?

உளவியல் திரில்லர் படம் என்றாலே நாம் கதைத் திருப்பத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கொலை செய்தது யார், முடிச்சு எங்கே அவிழ்ந்தது என்று. ஆனால் அந்தத் திருப்பம் பலிக்க வேண்டுமானால், அதற்கு வெகுமுன்பே ஒரு வேலை நடந்து முடிந்திருக்க வேண்டும். படம் பார்ப்பவர் திரையில் யாரோ ஒருவரை நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துத் தருவது நடிகர் தேர்வு. அதைக் கடைசிவரை காப்பாற்றுவது நடிப்பு. இதைப் புரியவைக்க ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘சைக்கோ’ ஒன்று போதும். 1960இல் வந்த படம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தால் நல்லது.

கதை சிறியது. ஃபீனிக்ஸ் நகரத்தில் வேலை பார்க்கும் மேரியன் கிரேன், வங்கியில் கட்டச் சொல்லி முதலாளி கொடுத்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு காதலன் ஊருக்குக் காரில் கிளம்பிவிடுகிறாள். வழியில் கனமழை. ஆள் நடமாட்டம் குறைந்த பேட்ஸ் மோட்டலில் இரவு தங்குகிறாள். மோட்டலை நடத்தும் நார்மன் என்ற இளைஞன் அவளுக்குச் சாப்பாடு கொடுத்து அன்பாகப் பேசுகிறான். கொஞ்ச நேரத்தில் அவள் குளியலறையில் குத்திக் கொல்லப்படுகிறாள். நார்மனின் அம்மாதான் கொன்றாள் என்று நினைத்துக்கொண்டே போகிறோம். அம்மா இறந்து பத்து வருடமாகிறது, அவளாகத் தன்னைப் பாவித்துக் கொல்பவன் நார்மனே என்பது கடைசியில் தெரிகிறது.

ராபர்ட் ப்ளாக் 1959இல் எழுதிய மூல நாவலில் நார்மனுக்கு நாற்பது வயது. பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, குடிப்பழக்கம். அப்படியே ஒருவரைத் திரையில் நிறுத்தியிருந்தால், அவர் வரவேற்பறைக்குள் நுழைந்ததுமே அரங்கம் உஷாராகியிருக்கும். ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதிய ஜோசஃப் ஸ்டெஃபானோவும் அந்த உருவத்தை முழுதாகக் கைவிட்டார்கள். நார்மனாக வந்தவர் ஆண்டனி பெர்கின்ஸ். அப்போது அவருக்கு 27 வயது. ஒல்லியான, உயரமான உடம்பு. வயதைவிடச் சற்றே இளமையான, பையன் போன்ற முகம். 1956இல் ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’ படத்தில், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தின் சாதுவான மகனாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்தார். சினிமா பார்க்கிறவர்கள் அவரை நல்ல பிள்ளையாகவே அறிந்திருந்தார்கள். அந்தப் பெயர்தான் ஹிட்ச்காக்குக்குத் தேவைப்பட்டது.

மேரியனாக ஜேனட் லீயைப் போட்டதும் அதே கணக்கில்தான். அன்றைக்கு அவர் பெரிய நட்சத்திரம். நட்சத்திரம் படம் முடியும்வரை இருப்பார் என்பது பார்ப்பவர் மனதில் எழுதப்படாத ஒப்பந்தம். 109 நிமிடப் படத்தில் பாதி தாண்டுவதற்குள் அவரைக் கொன்றுவிட்டார் ஹிட்ச்காக். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளுக்குக் கண்டிப்பான விதி போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தாமதமாக வருகிறவர் ஜேனட் லீ எப்போது வருவார் என்று காத்துக்கொண்டே இருப்பாரே! அவர் போன பிறகு நமக்கு ஒட்டிக்கொள்ள ஒரே முகம்தான் மிச்சம், நார்மன்.

இனி நடிப்புக்கு வருவோம். நார்மன் மேரியனுக்கு அறையைக் காட்டும் இடத்தைக் கவனியுங்கள். படுக்கை, மேசை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறவனுக்குக் குளியலறை என்ற சொல் மட்டும் வாயில் வருவதில்லை. கையை நீட்டித் தடுமாறுகிறான். அவள்தான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறாள். முதல்முறை பார்க்கும்போது கூச்ச சுபாவமுள்ள பையன் என்று நமக்கு இரக்கம் வருகிறது. முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் அதே தடுமாற்றம் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுத்து ஒரே தடுமாற்றத்தை நடிப்பதுதான் பெர்கின்ஸின் திறமை. கள்ளத்தனமாக ஒரு பார்வை, பொருள் பொதிந்த ஒரு சிரிப்பு, எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் புதிர் அங்கேயே செத்திருக்கும்.

அடுத்து மோட்டலின் ஒரு சின்ன அறையில் நடக்கும் உரையாடல். பாடம் செய்த பறவைகளுக்கு நடுவே உட்கார்ந்து மேரியன் சாண்ட்விச் சாப்பிடுகிறாள், நார்மன் பேசுகிறான். அம்மாவை எங்காவது சேர்த்துவிடலாமே என்று அவள் மெல்லச் சொன்னதும், அவன் முன்னால் சாய்கிறான். அதுவரை திக்கிய வாயில் திக்கல் இல்லை. கண் நிலைகுத்துகிறது. குரல் உயரவில்லை, ஆனால் உறைகிறது. சற்று நேரத்தில் பழைய பையன் திரும்பி வந்துவிடுகிறான். இந்தக் காட்சியில் பாதிப் பெருமை ஜேனட் லீக்குச் சேர வேண்டும். எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்பதும் நடிப்புதான், இன்னும் கடினமான நடிப்பு. இரக்கமாகத் தொடங்கிய அவர் முகம் மெல்ல எச்சரிக்கையாகிறது. பிறகு, தான் செய்த தவறு தனக்கே விளங்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முடிவுக்கு வருகிறது. நார்மனின் ஆபத்தை நாம் அளப்பதே அவர் முகத்தை வைத்துத்தான். காரோட்டும் நீண்ட காட்சிகளிலும் அவருக்கு வசனமே கிடையாது. ஊரில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவள் கற்பனை செய்யும் குரல்கள் மட்டும் ஒலிக்க, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த முகம் பயந்து, களைத்து, ஓரிடத்தில் லேசாகப் புன்னகைக்கவும் செய்கிறது.

கொலைக்குப் பிறகு நார்மன் குளியலறையைக் கழுவித் துடைக்கும் காட்சி வசனமில்லாமல் வெகுநேரம் ஓடுகிறது. மேரியனின் உடலோடு காரைச் சதுப்புக் குட்டையில் தள்ளுகிறான். கார் பாதி மூழ்கி நின்றுவிடுகிறது. மிட்டாய் மென்றுகொண்டிருந்த அவன் வாய் நின்று, கண் அங்குமிங்கும் ஓடுகிறது. அந்த நொடியில் நாமும் கார் மூழ்கிவிட வேண்டுமே என்று பதறுகிறோம். கொலையை மறைப்பவன் பக்கம் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. மிட்டாய் மென்றுகொண்டே இருப்பது பெர்கின்ஸ் தாமே சொன்ன யோசனை. அது பின்னால் நன்றாகப் பயன்படுகிறது: மார்ட்டின் பால்சம் நடித்த துப்பறிவாளர் பதிவேட்டைக் காட்டி விசாரிக்கும்போது காமிரா நார்மனின் தாடைக்குக் கீழே போய்விடுகிறது, மென்று விழுங்கும் அந்தத் தொண்டை அவன் பயத்தையெல்லாம் சொல்லிவிடுகிறது.

அம்மா பாத்திரத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் குரலுக்கு விர்ஜீனியா கிரெக், ஜெனட் நோலன், பால் ஜாஸ்மின் என்று மூன்று பேரைப் பயன்படுத்தினார்கள். குளியலறைக் கொலையைப் படம்பிடித்தபோது பெர்கின்ஸ் நியூயார்க்கில் ஒரு மேடை நாடகத்துக்கான ஒத்திகையில் இருந்தார். அம்மாவாகக் கத்தியை ஓங்கியது ஒரு ஸ்டன்ட் நடிகை. இப்படிப் பல பேராகச் சிதறிக் கிடந்த அம்மாவைக் கடைசி ஷாட்டில் பெர்கின்ஸ் தன் முகத்துக்குள் சேர்த்துக்கொள்கிறார். போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் குரல் கேட்கிறது. அவர் உதடு அசையவில்லை. நிமிர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது அதில் நார்மன் இல்லை.

இதெல்லாம் ஹிட்ச்காக்கின் காமிராவும் பெர்னார்ட் ஹெர்மனின் இசையும் செய்த வேலை, நடிகருக்கு இதில் என்ன பங்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. 1998இல் கஸ் வான் சான்ட் இதே படத்தை வண்ணத்தில், ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே திரும்ப எடுத்தார். அதே திரைக்கதை, அதே ஹெர்மன் இசை. மாறியவர்களில் முக்கியமானவர்கள் நடிகர்கள்: நார்மனாக வின்ஸ் வான், மேரியனாக ஆன் ஹெச். வின்ஸ் வான் திறமையான நடிகர்தான். ஆனால் அகன்ற தோளும் கனத்த உடம்புமாக அவர் கதவைத் திறந்ததுமே, இந்த ஆளிடம் ஜாக்கிரதை என்று உள்ளே ஏதோ சொல்லிவிடுகிறது. நம்பாதவனால் நமக்குத் துரோகம் செய்ய முடியாது. சமையல் குறிப்பை வரி தவறாமல் பின்பற்றியும் கை மாறியதால் ருசி மாறிய கதைதான் அது.

தமிழில் பாலு மகேந்திரா ‘சைக்கோ’வின் தாக்கத்தோடு 1980இல் ‘மூடுபனி’ எடுத்தபோது பிரதாப் போத்தனைத் தேர்ந்தெடுத்தார். மென்மையான முகம், தயங்கிய பேச்சு. ஹிட்ச்காக்கிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

‘சைக்கோ’வில் நடித்ததற்காக ஜேனட் லீக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பெர்கின்ஸுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அது பெரிய அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வருடமே வேறொரு படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் அவர். ஆனாலும் உலகம் அவரை நார்மனாகவே பார்த்தது. மூன்று தொடர்ச்சிப் படங்களில் அதே வேடத்தைப் போட்டார், ஒன்றை இயக்கவும் செய்தார். நாம் அவரை அவ்வளவு முழுதாக நம்பினோம் என்பதற்கு அவர் கொடுத்த விலை அது.

அடுத்தமுறை எந்தத் திரில்லர் பார்த்தாலும், யார் குற்றவாளி என்று தேடுவதோடு, இந்தப் படம் நம்மை யாரை நம்பச் சொல்கிறது, அந்த முகத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். திருப்பம் தெரிந்துவிட்டால் மறுபடி பார்க்க முடியாத படங்கள் நிறைய உண்டு. தெரிந்த பிறகும் ‘சைக்கோ’ கூடுதல் பயம் தருகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த நடிகர்கள்.