கமக்காரரின் நாரி நோவு

பெரும்போக நடுகை முடிந்த சில தினங்களில், "நாரி பிடித்துவிட்டது" என்று பாயில் விழும் கமக்காரர் பலர். களை பிடுங்கலும் மேற்கட்டுப் பசளையிடலும் காத்திருக்கும் அத்தருணத்தில் ஒருவர் முடங்குவது குடும்பத்துக்குப் பெரு நட்டமாகும். முள்ளந்தண்டு தேய்ந்துவிட்டது, இனி மண்வெட்டி பிடிக்க இயலாது என்று அவர்கள் மனஞ்சோர்வதுமுண்டு. ஆயின், பெரும்பாலான நாரி நோவுகளில் எலும்பிலே பாரிய நோய் எதுவும் இருப்பதில்லை. தசைகளின் இறுக்கமும் பலவீனமும் அந்நோவுக்குத் துணைபுரியும் காரணங்களுட் சில. அவை முயற்சியாற் திருத்தக்கூடியவை.

இறுக்கமும் பலவீனமும்

குனியும்போது உடல் இடுப்பு மூட்டிலும், நாரியிலுள்ள 5 முள்ளெலும்புகளின் பகுதியிலும் மடிகின்றது. தொடையின் பின்புறத் தசைகள் இறுகியிருப்பின் இடுப்பு மூட்டு போதியளவு மடியாது. அக்குறையை நாரியே மேலும் வளைந்து ஈடுசெய்ய நேரிடும். நெடுநேரம் உழவு இயந்திரத்தில் அமர்ந்திருப்போருக்கு இடுப்பின் முன்புறத் தசைகள் இறுகி, நிமிர்ந்து நிற்கையில் நாரியை முன்னோக்கி இழுப்பதுண்டு.

நாளெல்லாம் உழைப்பவருக்குத் தசை பலவீனம் எங்ஙனம் வருமெனச் சிலர் ஐயுறலாம். ஒரேவிதமாகக் குனிந்து செய்யும் வேலை எல்லாத் தசைகளையும் சமமாகப் பயிற்றுவதில்லை. கையும் காலும் உரமேறியிருக்க, நாரியைத் தாங்கும் வயிற்றுத் தசைகளும் புட்டத் தசைகளும் பின்தங்கிவிடக் கூடும். அன்றியும், முற்றாகக் குனிந்து நிற்கையில் முதுகுத் தசைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட, எலும்புகளைப் பிணைக்கும் நார்களே பாரத்தைத் தாங்குகின்றன. நெடுநேரம் இழுபட்ட அந்நார்கள் தளர்ந்து, பழைய நிலையை அடையச் சிறிது நேரம் எடுக்கும். எனவே, நடுகையினின்று நிமிர்ந்தவுடன் பசளைப் பையைத் தூக்குதல் ஆபத்தானது.

வயலிற் கவனிக்க வேண்டியவை

1. குனிந்த வேலையில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றிச் சிலமுறை மெதுவாகப் பின்சாய்தல் வேண்டும்.

2. பாரந் தூக்குமுன் வரம்பிலே சில நிமிடம் நடத்தல் நன்று.

3. பாரத்தை உடலோடு அணைத்தே தூக்குதல் வேண்டும். துலா மிதித்து நீரிறைத்த காலத்தில், ஆடுகாலுக்கு அண்மையில் நின்றவரால் நீர் நிறைந்த பட்டையை உயர்த்த இயலவில்லை. முதுகுத் தசைகளும் முள்ளந்தண்டுக்கு மிக அண்மையிலேயே உள்ளன; பாரம் விலக விலக அவை பன்மடங்கு இழுக்க வேண்டும். 50 கிலோ பையை இருவர் தூக்குவதே தகும்.

4. வரிசையாக நட்ட வயலில், நிமிர்ந்து நின்று தள்ளும் களைகட்டும் கருவி குனியும் நேரத்தைக் குறைக்கும்.

வீட்டிற் செய்யும் பயிற்சிகள்

மாலையில் 10 நிமிடம் போதுமானது. மல்லாந்து படுத்து, ஒரு பாதத்திற் சால்வையைக் கொளுவி, அக்காலை நீட்டியபடியே 30 விநாடி மேலே இழுத்துப் பிடிக்கலாம். இது தொடையின் இறுக்கத்தைத் தளர்த்தும். பின்னர் முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்தி 5 விநாடி நிறுத்துதல் புட்டத் தசைகளை வலுவாக்கும். இறுதியாக, சாக்கின் மேல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்புறக் காலையும் நேராக நீட்டுதல் வயிற்றுத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் பயிற்றும். ஒவ்வொன்றையும் இருபுறமும் சிலமுறை செய்து, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். நோவு காலுக்கு இறங்கினால் நிறுத்துதல் வேண்டும்.

நோவு கண்டவுடன் பலநாள் படுத்திருத்தல் தசைகளை மேலும் தளர்த்தும்; இயன்றவரை நடமாடுதலே நலம். ஆயின், கால் பலமிழத்தல், தொடையிடையில் விறைப்பு, சலமலம் கட்டுப்படாமை அல்லது சலம் கழிக்க இயலாமை ஆகியன தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். காய்ச்சலுடனோ விழுந்த பின்னரோ வரும் நோவையும் வைத்தியரிடம் தாமதமின்றிக் காட்டல் அவசியம்.

மண்வெட்டியைத் தீட்டி வைக்கும் கமக்காரர் அதனைப் பிடிக்கும் உடலையும் பேணுவாராயின், அடுத்த போகத்திலும் அவர் தம் வயலிலே நிமிர்ந்து நிற்பார்.