கார் ரெவ்யூவில் ஸ்டார் எப்படிக் கிடைக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால், அடுத்து வாங்கும் எந்தப் பொருளையும் முதலில் நெட்டில் தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிடும். இவற்றில் பெரிய செலவு கார்தான். ஒரு காரின் பெயருடன் "ரெவ்யூ" என்று சேர்த்து டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் 4.3 ஸ்டார், இன்னோரிடத்தில் பத்துக்கு எட்டு, மூன்றாவது இடத்தில் "5 ஸ்டார் பாதுகாப்பு" என வந்து நிற்கும். எல்லாம் ஒரே காருக்குத்தான். ஆனால் இவை மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள். எது எப்படி வந்தது என்று தெரியாமல் பணம் கட்டக் கூடாது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சோதித்த கார் யாருடையது என்பதுதான். ஆட்டோ பத்திரிகைகள் பெரும்பாலும் கார் நிறுவனம் கடனாகத் தரும் வண்டியை ஓட்டித்தான் எழுதுகின்றன. அது பொதுவாக எல்லா வசதிகளும் உள்ள டாப் வேரியண்ட்டாக இருக்கும். ஓட்டுவதும் சில மணி நேரமோ, சில நாட்களோதான். எழுதுபவர் நேர்மையானவராக இருந்தாலும், மூன்றாவது ஆண்டில் கிளட்ச் என்ன ஆகும் என்று அவரால் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரான முறையில் இயங்குவது அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். 1936ல் தொடங்கிய இந்த அமைப்பு விளம்பரம் வாங்குவதில்லை. மதிப்பெண் தர வேண்டிய காரை, தான் யார் என்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளர் போல டீலரிடம் விலை கொடுத்து வாங்குகிறது. அதனை முதலில் 2,000 மைல், அதாவது சுமார் 3,200 கிமீ ஓட்டிப் பழக்கிய பின்னரே கனெக்டிகட் மாநிலத்தில் 327 ஏக்கரில் உள்ள தன் சோதனை மையத்தில் 50க்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்கிறது. இத்துடன், கார் வைத்திருக்கும் தன் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் சர்வே எடுத்து, எந்த மாடலில் எது பழுதாகிறது என்று கணக்கிடுகிறது. புத்தம் புதிய மாடலுக்கு இந்தக் கணக்கு இருக்காது என்பதால், அந்த நிறுவனத்தின் பழைய கார்கள் எப்படி உழைத்தன என்பதைக் கொண்டு ஒரு மதிப்பீடுதான் தர முடியும். அது கணிப்பு என்பதை மறந்திடக் கூடாது.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்குச் சுவையான ஒரு நிகழ்வும் இங்கு உண்டு. 2018 மே மாதம் டெஸ்லா மாடல் 3 காரை இந்த அமைப்பு சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் போட்டபோது கார் நிற்க 152 அடி தேவைப்பட்டது. பெரிய பிக்கப் டிரக்கான ஃபோர்டு எப்-150 நிற்பதைக் காட்டிலும் இது அதிகம். எனவே வாங்கும்படி பரிந்துரைக்க மறுத்துவிட்டது. சில நாட்களிலேயே டெஸ்லா ஒரு சாப்ட்வேர் அப்டேட்டை அனுப்பியது. வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போகவில்லை. வயர்லெஸ் வழியாகவே அப்டேட் வந்தது. மீண்டும் சோதித்தபோது தூரம் 133 அடியாகக் குறைந்தது, பரிந்துரையும் கிடைத்தது. 2019 பிப்ரவரியில், உரிமையாளர்கள் சொன்ன பழுதுகளின் அடிப்படையில், அந்தப் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. ஆக, ரெவ்யூ படிக்கும்போது தேதியைப் பார்த்திட வேண்டும். விண்டோஸ் போல காருக்கும் வெர்ஷன் உண்டு!

நம் ஊர் ஸ்டார்கள்

2014ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வேகன் போலோ ஆகியவை அவை. மணிக்கு 64 கிமீ வேகத்தில் மோதியபோது, ஏர்பேக் இல்லாத ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார் வாங்கின. இரண்டு ஏர்பேக் உள்ள போலோ நான்கு ஸ்டார் வாங்கியது. பெயர் ஒன்று, ஷோரூம் ஒன்று; வேரியண்ட் மட்டும்தான் வேறு. சோதனைக்குப் பின் ஏர்பேக் இல்லாத போலோவை அந்நிறுவனம் இங்கு விற்பதை நிறுத்தியது.

இப்போது நமக்கென்றே பாரத் என்கேப் உள்ளது. 2023 அக்டோபர் 1ல் இது நடைமுறைக்கு வந்தது. தொடங்கியபோது வகுத்த விதிகளின்படி, பெரியவர்கள் பாதுகாப்புக்கு மொத்தம் 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49. ஐந்து ஸ்டார் வேண்டுமானால் முறையே 27, 41 ஆவது எடுக்க வேண்டும். முதல் முடிவுகளில் வந்த டாடா ஹேரியர் 30.08, 44.54 எடுத்தது. 27 எடுத்த காருக்கும் 31 எடுத்த காருக்கும் ஒரே ஐந்து ஸ்டார்தான் என்பதால், ஸ்டாரை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் பெயரைக் கிளிக் செய்து ரிப்போர்ட்டைத் திறந்து எண்களைப் பாருங்கள். இன்னொன்று, இது கட்டாயமல்ல. நிறுவனம் விரும்பினால்தான் சோதனை. எனவே பட்டியலில் ஒரு காரின் பெயர் இல்லாவிட்டால் அது பூஜ்யம் என்று பொருளல்ல. ஆனால் ஏன் தரவில்லை என்று டீலரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

எக்ஸெலில் நீங்களே மார்க் போடலாம்

பத்துக்கு எட்டு என்று ஒரே எண்ணாக வருவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை எழுதுபவர் தீர்மானித்துவிடுகிறார். இதனைச் சோதித்துப் பார்க்க எக்ஸெல் திறந்து, ஒரு வரிசையில் பாதுகாப்பு, மைலேஜ், பின் சீட், சர்வீஸ் என டைப் செய்திடுங்கள். முதல் காருக்கு 9, 6, 6, 6 என்றும், இரண்டாவதற்கு 5, 9, 8, 7 என்றும் வைத்துக் கொள்வோம். சராசரி எடுத்தால் 6.75, 7.25. இரண்டாவது கார் ஜெயித்துவிடும். இப்போது பாதுகாப்புக்கு 4, மற்றவற்றுக்குத் தலா 2 என எடை கொடுத்துப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுங்கள். முதல் கார் 7.2, இரண்டாவது 6.8. மார்க்குகளில் எதையும் மாற்றவில்லை, முடிவு தலைகீழாகிவிட்டது! சம்புராடக்ட் என்ற பங்ஷனைப் பயன்படுத்தினால் பெருக்கலும் கூட்டலும் ஒரே செல்லில் முடிந்துவிடும். எடை எவ்வளவு என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திடுங்கள். பின் சீட்டில் உட்காரப் போகிற பாட்டியையும் கேளுங்கள்.

வாடிக்கையாளர்கள் தரும் 4.3 ஸ்டாரைப் பொறுத்தவரை, எத்தனை பேர் போட்டது என்று பாருங்கள். கார் எடுத்த வாரத்திலேயே மகிழ்ச்சியில் போட்ட ஐந்து ஸ்டார்களைத் தள்ளிவிட்டு, 20,000 கிமீ ஓட்டியவர் எழுதிய இரண்டு, மூன்று ஸ்டார் கருத்துக்களைப் படித்தால் உருப்படியான தகவல் கிடைத்திடும்.

ஷோரூம் செல்லும் முன் பாரத் என்கேப் ரிப்போர்ட்டை டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். அதில் உள்ள வேரியண்ட் பெயரும், சேல்ஸ்மேன் கொட்டேஷனில் எழுதித் தரும் வேரியண்ட் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். காரில் க்யூஆர் கோட் உள்ள பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், மொபைலில் ஸ்கேன் செய்து அங்கேயே சரிபார்த்துக் கொள்ளலாம். பெயர் வேறாக இருந்தால், அந்த வேரியண்ட்டுக்கும் இதே ஸ்டார் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்கிய பின்னரே முன்பணம் கட்டுங்கள்.