கார் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் கவசம் எதற்கு? கழற்றிப் போட்டால் என்ன ஆகும்?

தென்காசி மாவட்டம் கீழப்பாவூர் பக்கம் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, குளத்தங்கரை, வயக்காட்டுப் பாதைகளில் கார் ஓட்டினால் அடியில் கல் தட்டி 'டங்'குன்னு சத்தம் கேட்கலாம். அந்த அடியை முதலில் வாங்குவது எஞ்சினுக்குக் கீழே இருக்கும் கவசம்தான்.

எதைக் காக்கிறது?

எஞ்சினின் அடிப்பகுதியில் இருக்கிறது ஆயில் சம்ப். எஞ்சின் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி இது. கூரான கல் பட்டால் விரிசல் விடலாம். ஆயில் ஒழுகிவிட்டால், உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசி, சில நிமிடங்களிலேயே எஞ்சின் 'சீஸ்' ஆகிவிடும்.

பிளாஸ்டிக்கா, இரும்பா?

பல கார்களில் கம்பெனியே பிளாஸ்டிக் கவசம் பொருத்தித் தருகிறது. சேறும் தண்ணீரும் பெல்ட், ஒயரிங் மீது தெறிக்காமல் இது தடுக்கும். ஆனால் பெரிய கல்லைத் தாங்காது. அதற்கு ஸ்டீல் அல்லது அலுமினியத் தகடு வேண்டும். சம்புக்கும் தகடுக்கும் போதிய இடைவெளி இல்லையென்றால், அடி நேராக சம்புக்கே போய்விடும். அதனால் அந்தந்த மாடலுக்கென்றே செய்த தகட்டை மாட்டுவதுதான் நல்லது.

என்ன கவனிக்கணும்?

ஆயில் மாற்றக் கழற்றிய கவசத்தைத் திரும்ப மாட்டினார்களா, போல்ட் எல்லாம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் அடியில் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், சூட்டில் தீப்பிடிக்கலாம்.

கல் தட்டிய பிறகு சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டாதீர்கள். உடனே எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். தொடர்ந்து ஓட்டியதால் வரும் எஞ்சின் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது.