வாய் கோணினால் காத்திருக்கலாமா?

வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு கடைவாயில் வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் முகம் ஒரு பக்கம் தொங்கியிருக்கிறது. ‘பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் காத்து பட்டிருக்கும், முகவாதம்தான், தானாகச் சரியாகிவிடும்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். காற்றுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை (பழி போட்டால் காற்று மறுத்தா பேசப்போகிறது?). தானாகச் சரியாகும் என்பதில் மட்டும் உண்மை உண்டு. முக நரம்பு வீங்கி, காதை ஒட்டிய எலும்புக் குழாய்க்குள் நெரிபடுவதால் வரும் பெல்ஸ் பால்சியில், சிகிச்சையே எடுக்காதவர்களிலும் பத்தில் ஏழு பேர் முழுமையாகத் தேறுகிறார்கள். ஆபத்து இந்த உண்மையில்தான் இருக்கிறது. அதே கோணல் பக்கவாதத்தின் முதல் அடையாளமாகவும் வரும்.

நெற்றியைச் சுருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது; வாய்ப்பகுதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பாதியிலிருந்து மட்டும். அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நரம்பே பாதிக்கப்பட்டால் புருவமும் உயராது, கண்ணும் மூடாது. மருத்துவருக்கு இது அருமையான தடயம். வீட்டில் தீர்ப்பு எழுத இது போதாது. மூளைத்தண்டில் அந்த நரம்பு தொடங்கும் இடத்திலேயே பக்கவாதம் வந்தால் நெற்றியும் சேர்ந்தே செயலிழக்கும். கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ யோசிக்கவே வேண்டாம், 108-ஐ அழைக்க வேண்டும். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும்கூட.

வெறும் நரம்புக் கோளாறாக இருந்தால் மருத்துவமனைக்கு ஓடிய அலைச்சலும் செலவும் வீண்தானே என்பார்கள். இல்லை. இரண்டு நோய்க்குமே கெடு இருக்கிறது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். ஆகவே வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது தவறு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். பெல்ஸ் பால்சிக்கான ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாத முடிவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தவர்களில் 94 சதவீதம் பேர் முழுமையாகத் தேறினர். எடுக்காதவர்களில் 82 சதவீதம். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் இரவில் ஒட்டும் டேப்பும் இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். காதில் கொப்புளம் கண்டால் அது அக்கி வைரஸாக இருக்கலாம், வைரஸுக்கான மருந்தும் சேர்த்தே வேண்டும். கோணல் வாரக்கணக்கில் மெல்லக் கூடினாலோ, மூன்று மாதமாகியும் அசைவு திரும்பாவிட்டாலோ பெல்ஸ் பால்சி என்ற முடிவையே சந்தேகித்து, காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும்.